பின்பார்த்த ஊதா இருக்கை

1

இந்தக் கதை ஓர் இருக்கையிலிருந்து கிடைத்தது. மனிதர்கள் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

ஆண்டிஸ் மலையில் இருக்கும் லா பாஸிலிருந்து அடிவாரத்துக் கொரோய்க்கோவுக்கு இறங்கும் வேன் ஒன்றில், ஓட்டுநரின் முதுகுக்கு நேர் பின்னால் ஒற்றை இருக்கை ஒன்று வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி பொருத்தப்பட்டிருந்தது. ஊதா வெல்வெட். நடுவில் பொத்தான் வைத்துத் தைத்து, ஓரமெல்லாம் குஞ்சம் தொங்கவிட்டிருந்தார்கள். மற்ற இருக்கைகள் எல்லாம் சாம்பல் நிற ரெக்ஸின். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டிருந்தோம். ஒருத்தி மடியில் கோழி, ஒருவர் மடியில் மூட்டை, என் மடியில் அந்த மூட்டைக்காரரின் மகள். ஊதா இருக்கை மட்டும் காலி. நான் எழுந்து அதில் உட்காரப் போனேன்.

"அது ஆளு வர்ற சீட்டுங்க" என்றார் ஓட்டுநர்.

"எங்க ஏறுவாங்க?"

அவர் ஹாரன் அடித்தார். தோளில் தையல் போட்ட பழைய கம்பளிக் கோட்டு அணிந்திருந்தார். (இந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவன் கதை எழுதத் தெரியாதவன்.)

கீழே போய்ச் சேர்வதற்குள் அந்த இருக்கையைப் பற்றி அவர் இரண்டு கதைகள் சொன்னார். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. "போன மாசம் வேற மாதிரி சொன்னாரு" என்று கோழிக்காரி என் காதில் போட்டுவைத்தாள். நான் எல்லாவற்றையும் காதால்தான் வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் குடியிருந்தும் எனக்கு மலைப்பாதை வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே இந்தக் கதையில் சாலை வருணனை எதையும் எதிர்பார்க்காதீர்கள். நான் அந்தச் சாலையில் போயிருக்கிறேன், பார்த்ததில்லை.

2

முதல் தொடக்கம்: "மேகங்கள் தவழும் ஆண்டிஸ் மலைகளின் மடியில்—"

[கண்ணை மூடிக்கொண்டு போனவன் மேகத்தைப் பற்றி எழுதினால் மோசடி.]

இரண்டாம் தொடக்கம்: "அச்சம் என்பது மனித குலம் தோன்றிய நாள் தொட்டு—"

[இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: "எலோதியா தார்கிக்கு உயரத்தைக் கண்டு பயமில்லை. வளைவைக் கண்டுதான் பயம்."

இது நிற்கிறது. இதிலேயே ஏறிக்கொள்வோம்.

எலோதியா எல் ஆல்ட்டோக்காரி. அந்த ஊர் தோசைக்கல் மாதிரித் தட்டை. சாலைகள் எல்லாம் அடிஸ்கேல் வைத்து இழுத்தவை. அங்கேயே பிறந்து, கல்யாணம் செய்து, கணவனைப் புதைத்து, ஒரே மகனைத் தையல் வேலைக்கு சாவ் பாவ்லோவுக்கு அனுப்பிவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டியும் அவள் உருப்படியாக ஒரு வளைவைக் கடந்ததில்லை. பள்ளத்தில் இருக்கும் லா பாஸுக்கு இறங்க வேண்டுமென்றால் ரோப் காரில் போவாள். அந்தரத்தில் ஆடும் பெட்டிக்குள் உட்கார்ந்து பொரித்த சோளம் கொறிப்பாள். "கம்பி நேராத்தான போவுது. இதுல பயப்பட என்ன இருக்கு?" என்பாள். வளைவு அப்படியில்லை. அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று எந்த வளைவும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இத்தனைக்கும் அவள் பிழைப்பே வண்டியில்தான். சந்தைத் தெருவில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மெஷின் போட்டு, வேனுக்கும் பஸ்ஸுக்கும் சீட் கவர் தைக்கிறாள். அடுக்குப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறுவாள். ஒவ்வோர் இருக்கையிலும் உட்கார்ந்து பார்ப்பாள், அளவெடுப்பாள், இறங்கிவிடுவாள். ஓடாத வண்டியில் அவள் அளவுக்கு உட்கார்ந்தவர் ஊரிலேயே கிடையாது.

பயம் அந்த வேலையில்தான் பிடித்தது. மற்ற வேன்களின் இருக்கைகள் நடுவில் தேய்ந்து வரும். மலைச்சாலை வேன்களின் இருக்கைகள் முன் விளிம்பில் கிழிந்து வரும், நான்கு நான்கு கீறல்களாக. பள்ளத்துப் பக்கத்து இருக்கைகளில் கீறல் இன்னும் ஆழம்.

"எல்லாரும் ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுங்கிறீங்க. அப்ப இதைக் கிழிச்சது யாரு, எலியா?" என்று கேட்பாள். ஓட்டுநர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

3

[மூன்றாம் பகுதி இல்லை. எழுதினேன். அதில் எலோதியா சின்னப் பெண்ணாக இருந்தாள், ஒரு பஸ் கவிழ்ந்தது, ஒரு சித்தப்பா இறந்துபோனார், பயத்துக்குக் காரணம் கிடைத்தது. படித்துப் பார்த்தேன். எனக்கே கண்ணீர் வந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. ஊர் முழுவதன் நகக் கீறலையும் உட்கார்ந்து தைப்பவளுக்குத் தனியாக ஒரு சித்தப்பா எதற்கு? அந்தப் பகுதியை அப்படியே பள்ளத்தில் தள்ளிவிட்டேன். எண் மட்டும் விளிம்பில் நிற்கிறது.]

4

ஃப்ரோய்லான் சிர்பா அந்த மலைச்சாலையில் வேன் ஓட்டுபவன். (நிஜ ஓட்டுநரை 'அவர்' என்றேன். கதைக்குள் வந்ததும் 'அவன்' ஆக்கிவிட்டேன். கதைக்குள் ஏறுகிறவர்களுக்கு மரியாதை சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும்.) மனைவி இல்லாதவன். மெதுவாகப் பேசுவான். இப்படியே விட்டால் ரொம்ப நல்லவனாகிவிடுவானே என்று அவனுக்கு ஒரு குறை தேடினேன். கிடைத்தது. நேர்ச்சாலையில் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். வளைவு இருந்தால் விழித்திருப்பான். எல் ஆல்ட்டோவின் அகலமான தெருக்களில் ஓட்டும்போது தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு வருவான்.

அவன் வேனின் இருக்கைகள் மட்டும் மாதத்துக்கு இரண்டு தடவை கிழிந்தன. எலோதியாவின் பக்கத்துக் கடைக்காரி கசிமிராவுக்கு இதில் சந்தேகம். எலோதியாவின் மகனுக்கு ஞானத்தாய் அவள்தான். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் கசிமிரா ஒரு கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கொமாத்ரே, இது நகம் இல்ல. திருப்புளி."

"சும்மா இரு."

"எந்தப் பொம்பளைக்கு நகம் இவ்வளவு நேரா இருக்கு? அந்த ஆளே கிழிச்சிக்கிட்டு வர்றான்."

எலோதியா தைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு முதல் கிழிசலிலேயே தெரியும்.

ஆலங்கட்டி மழை பெய்த ஒரு பிற்பகல், தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கி நின்று அவன் சொன்னான். "டோன்யா எலோதியா, எனக்கு கொரோய்க்கோவுக்குக் கீழ ஒரு வீடு இருக்கு. ஆரஞ்சு மரம் இருக்கு. வீட்டுல ஆளுதான் இல்ல."

"மாயெஸ்த்ரோ, நீங்க மேல வந்துருங்களேன்" என்றாள் அவள். ஓட்டுநர் எவரையும் இங்கே அப்படித்தான் அழைப்பது; பெண்களை மரியாதையாக அழைப்பதென்றால் 'டோன்யா'.

"மேல எல்லா ரோடும் நேரு. தூங்கிருவேன்."

"கீழ எல்லா ரோடும் வளைவு. செத்துருவேன்."

இரண்டு பேரும் ஆலங்கட்டி உருள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்படியே மூன்று மாதம் போயிற்று. பிறகு ஒருநாள் கிழிந்த இருக்கை எதுவும் இல்லாமல் வந்தான்.

"சனிக்கிழமை கோதாபாதா பார்க்கு பாக்கப் போலாம். புது ரோட்டுலயே போலாம், வளைவு கம்மி. பார்க்குக்குள்ள அருவி இருக்கு, ரோட்டு மேலயே விழும். அங்க வச்சு ஒரே ஒரு தடவ கேப்பேன். உங்களால வர முடியலைன்னா அதுவும் பதில்தான். அதுக்கப்புறம் நான் சீட்டைக் கிழிக்க மாட்டேன்."

எலோதியாவின் கை மெஷின் சக்கரத்தின் மேல் அப்படியே நின்றது. அவளுக்கு அவன் வேண்டும். இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் கிழித்துக்கொண்டுவந்த ரெக்ஸின் துண்டுகளை அவள் தூக்கிப் போடாமல் அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் அந்தச் சாலையில் ஒருமுறைகூட இறங்க முடியாதவள் அதன் அடியில் இருக்கும் வீட்டில் எப்படிக் குடும்பம் நடத்துவாள்? இந்தக் கதையில் பணயம் இது ஒன்றுதான். வேறு எதையாவது பெரிதாக எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

5

ஊரே வைத்தியம் சொன்னது. எலுமிச்சைத் தோலை முகர்ந்துகொண்டே போக வேண்டும். கோக்கா இலையை எச்சில் தொட்டு நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வயிற்றில் செய்தித்தாளைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"பழைய பேப்பர் கட்டாத கொமாத்ரே, வேலை செய்யாது" என்றாள் கசிமிரா. "அன்னன்னைக்குப் பேப்பரா இருக்கணும். விளையாட்டுப் பக்கம் வெளிய தெரியிற மாதிரி."

"நீ எத்தன தடவ மலையிறங்கிருக்க?"

"நான் எதுக்கு இறங்கணும்? எனக்கென்ன ஆரஞ்சு மரமா காத்துக்கிட்டு இருக்கு?"

எலோதியா எல்லாவற்றையும் வீட்டில் ஒத்திகை பார்த்தாள். நாற்காலியில் இலையும் பேப்பருமாக உட்கார்ந்து கண்ணை மூடி வளைவை நினைத்தாள். பேப்பர் வேர்வையில் நனைந்ததுதான் மிச்சம்.

[இந்த இடத்தில் அவளுக்கு ஒரு யோசனை வர வேண்டும். யோசனை எப்படி வருகிறது என்று எழுதுவது கஷ்டம். "திடீரென்று அவள் மூளையில்—" வேண்டாம். அவளைத் தைக்க விடுகிறேன்.]

வியாழக்கிழமை ஒரு பெரிய பஸ்ஸின் இருக்கையைத் தலைகீழாகப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். கழற்றிய இருக்கையை மறுபடி பஸ்ஸுக்குள் வைக்கும்போது தெரியாமல் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டாள். அப்படியே அதில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"கொமாத்ரே, இங்க வா. செத்துப்போன என் புருஷன் எங்க இருக்கான்?"

கசிமிரா யோசிக்காமல் கையை முன்னால் நீட்டினாள்.

"நாளைக்கு எங்க இருக்கு?"

கசிமிரா அதே கையைத் தோளுக்கு மேலாகத் தூக்கி முதுகுக்குப் பின்னால் எறிந்தாள்.*

"பாத்தியா? நடந்து முடிஞ்சதெல்லாம் கண்ணு முன்னாடி. வரப்போறது முதுகுப் பக்கம். பொறந்ததுலருந்து நாம முதுகைக் காட்டிக்கிட்டுத்தான போறோம்? வேன்ல ஏறினா மட்டும் மூஞ்சியைத் திருப்பி வச்சிக்கணும்னு எவன் சொன்னான்? கடந்துபோன வளைவைப் பாத்து யாராச்சும் பயப்படுவாங்களா?"

"வாந்தி வரும்."

"வரட்டும். பயம் வராதுல்ல."

அன்று ராத்திரியே ஊதா வெல்வெட் எடுத்து வெட்டினாள். கல்யாணச் சேலை எடுப்பதுபோல் அவள் அதைத் தடவிப் பார்த்ததை நான் எழுதக் கூடாது, அது அவள் சொந்த விஷயம்.

* இங்கே ஐமாரா பேசுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் கை காட்டுவார்கள். பார்த்துவிட்டது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, பார்க்காதது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. வந்த புதிதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. பிறகு ஒருநாள் உறைத்தது: நாம் மட்டும் என்ன, செத்தவர்களை முன்னோர் என்கிறோம், விளைவைப் பின்விளைவு என்கிறோம். நாமும் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவர்கள்தான், வெளியே சொல்வதில்லை.

6

சனிக்கிழமை புறப்பட்டார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஃப்ரோய்லான். அவன் முதுகோடு முதுகு ஒட்டி, முந்தின நாள் தானே பொருத்திய பின்பார்த்த ஊதா இருக்கையில் எலோதியா. அவளுக்கு எதிரே, முன்பக்கம் பார்த்தபடி, துணைக்கு வந்த கசிமிரா. ஒரு விதவையும் ஓர் ஆணும் தனியாக வீடு பார்க்கப் போனால் சந்தை பேசும். பூங்கா பார்க்க மூன்று பேராகப் போனால் பேசாது. கசிமிரா கரடி பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டாள். அந்தப் பூங்காவில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கரடிகள் உண்டு.

லா கும்ப்ரே கணவாயில் வண்டியை நிறுத்தினார்கள். சாலையோர நாய்களுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டார்கள். மலையிறங்குகிறவர்கள் அதைச் செய்யாமல் போக மாட்டார்கள். ஃப்ரோய்லான் பூமித்தாய்க்குத் தரையில் கொஞ்சம் சாராயம் ஊற்றிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் தெளித்தான்.

"இந்தச் சீட்டுக்கும்" என்றாள் எலோதியா.

அவன் போத்தலைச் சாய்த்தான்.

"ஐயோ, மேல இல்ல! வெல்வெட்டு! காலுக்குத் தெளிங்க, காலுக்கு!"

அதற்கப்புறம் இறக்கம். எலோதியா, குஞ்சம் வைத்துத் தானே தைத்து மாட்டிய பாதித் திரைக்குக் கீழே, பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளைவுகள் அவள் முதுகுப் பக்கமாக வந்து, பக்கவாட்டில் நழுவி, கண்ணுக்கு முன்னால் சின்னதாகிப் போயின. ஒவ்வொன்றும் ஏற்கனவே முடிந்துபோன வளைவு. அவள் சிரித்துவிட்டாள்.

திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அது கசிமிராவின் முகம். வளைவு வருவதற்கு முன்பே அது கசிமிராவின் முகத்தில் வந்துவிடும். முதலில் புருவம் ஏறும், பிறகு வாய் திறக்கும், பெரிய வளைவாக இருந்தால் கழுத்து உள்ளே போகும்.

"கொமாத்ரே, மூஞ்சிய அப்படி வைக்காத."

"நான் என்ன மூஞ்சியா வச்சிருக்கேன்? ரோடு அப்படி இருக்கு."

எலோதியா எட்டி, கசிமிராவின் தலையிலிருந்த வட்டத் தொப்பியை எடுத்து அவள் முகத்தில் கவிழ்த்தாள். "எடுத்தே, இறங்கி நடக்க விட்டுருவேன்." தொப்பிக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் வசவு வந்தது, பிறகு குறட்டை வந்தது.

[கரடி. வைப்பதா வேண்டாமா? தேசியப் பூங்காவுக்குப் போன கதையில் மிருகம் இல்லாவிட்டால் வாசகர் ஏமாற்றம் அடைவார். ஒரு வளைவு கடந்ததும் சாலையின் குறுக்கே கரடி ஒன்று சாவகாசமாக நடந்து போகிறது, பின்னால் பார்க்கிறவள் மட்டும் பார்க்கிறாள் என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எலோதியா அதை யாரிடமும் சொல்லவில்லையே, நீ எப்படிப் பார்த்தாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். கரடியை நீக்குகிறேன். கசிமிராவுக்குத் தெரிய வேண்டாம்.]

7

புதுச் சாலையை மறித்திருந்தார்கள். யார், எதற்காக என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் கோரிக்கை மாறும், சாலைமறியல் மட்டும் மாறாது. சாலைக்குக் குறுக்கே கல் அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். "மாயெஸ்த்ரோ, திங்கக்கிழமை வாங்க" என்றார்கள் அன்பாக.

திரும்பிப் போகலாம். அல்லது பழைய சாலை. பூங்காவுக்குள்ளே காட்டோடு ஒட்டி இறங்கும் ஒற்றை வண்டி அகலச் சாலை அது. பேரைக் கேட்டாலே எல் ஆல்ட்டோவில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். இந்த நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம், வண்டிகள் ஓடுவது வலது பக்கம்; அந்தச் சாலையில் மட்டும் இடது பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும், இறங்குகிற வண்டி பள்ளத்தின் ஓரமாக. அப்போதுதான் ஓட்டுநர் ஜன்னலில் எட்டித் தன் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ள முடியும். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. எதிரே ஏதாவது ஏறி வந்தால், இறங்குகிறவன் பின்வாங்கி இடம் விட வேண்டும்.

ஃப்ரோய்லான் எஞ்சினை நிறுத்தினான். "டோன்யா எலோதியா, புது ரோடுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். திரும்பிரலாம். இதை உங்க பதிலா நான் எடுத்துக்க மாட்டேன்."

அவளுக்கு அவன் முகம் தெரியாது. முதுகு மட்டும் தன் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. அது சூடாக இருந்தது.

"நான் முன்னாடி பாக்கல. எந்த ரோடா இருந்தா எனக்கென்ன?" என்றாள். "போங்க."

போனார்கள். மூடுபனி கவிந்தது. (நான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே நிஜமாகவே பனிதான்.) கொஞ்ச தூரத்தில் எதிரே ஹாரன் கேட்டது. ஆரஞ்சுப் பெட்டிகள் ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்து மூக்குக்கு நேரே நின்றது.

இறங்குகிறவன் பின்வாங்க வேண்டும். பின்னால் கடந்து வந்த வளைவு இருக்கிறது. அதைத் தாண்டித்தான் அகலமான இடம். வழக்கமாக உதவியாள் ஒருவன் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டுவான். இன்று பூங்கா பார்க்க வந்த நாள், உதவியாள் இல்லை. பக்கக் கண்ணாடிகளில் பனி. ஃப்ரோய்லான் ஜன்னலில் தலையை நீட்டித் தன் சக்கரத்தைப் பார்க்கலாம். பின்னால் வரும் வளைவைப் பார்க்க முடியாது.

அவன் ரிவர்ஸ் கியர் போட்டான். வண்டி பின்னால் நகர்ந்தது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு எழுதும்போதுதான் புரிந்தது. அந்த வேனில் இப்போது முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவள் எலோதியா ஒருத்திதான். கடந்துபோன வளைவு திரும்பி அவளை நோக்கி வருகிறது.

[இங்கே நிறுத்திவிடலாம். இப்போதெல்லாம் இப்படி நிறுத்துவதுதான் நாகரிகம். ஆனால் ஒரு பெண்ணைப் பள்ளத்தின் விளிம்பில் விட்டுவிட்டுப் பேனாவை மூட எனக்கு மனசு வரவில்லை.]

எலோதியாவின் கை தானாக இருக்கையின் முன் விளிம்பைத் தேடிப் போனது. வெல்வெட்டில் நகம் படும் முன் நின்றது. கிழித்தால் மறுபடி அவள்தான் தைக்க வேண்டும்.

"டோன்யா எலோதியா, பின்னாடி எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றான் அவன். குரல் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அது நடுங்கியதை அவள் முதுகால் கேட்டாள். அவனுக்கும் பயம் வரும் என்று அதுவரை அவள் நினைத்ததே இல்லை.

எழுந்து வண்டியின் கடைசிக்கு ஓடி, பாதிக் கண்ணாடியை மறைத்த அந்தக் குஞ்சத் திரையைப் பிடுங்கி எறிந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். வலது கையைத் தோளுக்கு மேலாகத் தூக்கி முதுகுக்குப் பின்னால் எறிந்தாள். அது அவன் தோளில் போய் விழுந்தது, அங்கேயே பிடித்துக்கொண்டது.

"வாங்க. நேரா வாங்க. இன்னும். மெதுவா."

"வளைவு?"

"வருது. வருது மாயெஸ்த்ரோ. இப்ப மலைப் பக்கம் ஒடிங்க. இன்னும் கொஞ்சம். பத்தாது, பள்ளத்துப் பக்கம் போவுது, மலைப் பக்கம், மலைப் பக்கம்!"

"சக்கரத்தை நான் பாத்துக்கிறேன். நீங்க வளைவைப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்!"

அவள் பார்த்தாள். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முதல் தடவையாகக் கண் கொட்டாமல் பார்த்தாள். ஈரமான பாறை இருந்தது. பாறையில் ஒரு சிலுவை நட்டிருந்தது. அப்புறம் அகலமான இடம் இருந்தது. அவ்வளவுதான்.

"நிறுத்துங்க" என்றாள்.

லாரி உறுமிக்கொண்டு பக்கத்தில் ஏறியது. அதன் ஓட்டுநர் ஜன்னல் வழியாக ஊதா இருக்கையையும் அதில் வேர்த்து உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தான். "மாயெஸ்த்ரோ, பின்னாடி கண்ணு வச்ச வண்டி எங்க வாங்கினீங்க?" என்று சிரித்துக்கொண்டே போனான். தொப்பிக்குள்ளிருந்து கசிமிரா, "கரடி வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினாள்.

"கையை எடுக்கலையா?" என்று கேட்டான் ஃப்ரோய்லான்.

"இன்னும் வளைவு இருக்குல்ல?"

"அருவி வரைக்கும் இருக்கு." கியர் போட்டுக்கொண்டே சொன்னான், "அதுக்கப்புறம் வீட்டு வாசல் வரைக்கும் இருக்கு."

அவள் கையை எடுக்கவில்லை.

8

அருவிக்கடியில் அவன் கேட்டானா, அவள் என்ன சொன்னாள்? இங்கேதான் ஓட்டுநர் சொன்ன இரண்டு கதைகளும் பிரிகின்றன.

முடிவு அ: அருவிச் சத்தத்தில் அவன் கேட்டது அவளுக்குக் காதில் விழவில்லை, அவள் சொன்னது அவனுக்கு விழவில்லை. இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். ரோப் காரே போதும் என்று அவள் மேலே போய்விட்டாள். இருக்கையை மட்டும் கழற்ற விடவில்லை. [இதைச் சொல்லும்போது ஓட்டுநர் சிரித்தார். சோகக் கதைக்கு யார் சிரிப்பார்கள்?]

முடிவு ஆ: ஆரஞ்சு மரத்தடியில் அவள் மெஷின் போட்டிருக்கிறாள். வியாழனும் ஞாயிறும் சந்தைக்கு மேலே வருகிறாள், பின்பார்த்தபடி. [அப்படியானால் நான் போன அன்றைக்கு இருக்கை ஏன் காலி? "இன்னைக்கு புதன்கிழமைல்ல?" என்றாள் கோழிக்காரி. அன்று என்ன கிழமை என்று எனக்கு இப்போது சுத்தமாக ஞாபகமில்லை.]

முடிவு இ: நானே ஒன்று கட்டலாம். கட்ட மாட்டேன். ஏனென்றால் என்னிடம் இரண்டு தடயங்கள்தான் இருக்கின்றன. அவற்றை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று, அந்த ஊதா இருக்கையின் முன் விளிம்பு. இறங்கும் முன் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு நகக் கீறல்கூட இல்லை. அதில் யாருமே உட்கார்வதில்லை என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். அல்லது உட்கார்கிறவள் தன் கையை வேறெங்கோ வைத்துக்கொள்கிறாள் என்றும் சொல்லலாம்.

மற்றொன்று அந்தக் கோட்டு. நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன் என்று சொன்னேனே, அது. பயணத்தின் நடுவில் ஒரே ஒரு முறை துணிந்து கண்ணைத் திறந்தேன். எதிரே ஓட்டுநரின் தோள். கம்பளியில் நான்கு கீறல்கள், வரிசையாக, ஊதா நூலால் தைக்கப்பட்டிருந்தன. அந்த மலைச்சாலையில் அவள் ஒரு நாள் மட்டும் வந்திருந்தால் அந்த நான்கோடு சரி. திரும்பத் திரும்ப வந்திருந்தால் தையலுக்கு மேல் தையல் இருக்கும், பழைய நூல் வெளுத்தும் புதிய நூல் பளிச்சென்றும். அதைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது.

மூட்டைக்காரரின் மகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, முன்னால் குனிந்தேன்.

வளைவு வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

நீங்கள் திறந்துதானே வைத்திருக்கிறீர்கள்? பார்த்துச் சொல்லுங்கள்.